சாயும் பக்கம் திரும்பும் சக்கரம்: சைக்கிள், ஸ்கூட்டர் ஹேண்டிலைப் புரிந்துகொள்ள

“ஹேண்டில் ஆடுது, கொஞ்சம் டைட் வச்சுக் குடுங்க” என்பது ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கும் பேச்சு. டைட் வைத்ததும் ஆட்டம் நின்றுவிடும், ஓட்டுகிறவருக்கும் திருப்தி. ஆனால் அதே வண்டி ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் போனால் இடமும் வலமுமாக அலையும். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால் கால் ஊன்றாமல் போக முடியாது. டயர் சரியில்லை, ரோடு சரியில்லை என்று பழி வேறெங்கோ போகும். ஹேண்டில் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பேலன்ஸ் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். உண்மை அதற்கு நேர்மாறானது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், ஹேண்டிலில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வண்டி எதனால் விழாமல் ஓடுகிறது?

சுழலும் பம்பரம் விழாதது போலச் சுழலும் சக்கரம்தான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று பலரும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முக்கியமான உண்மை இல்லை. ஹேண்டில் அசையாதபடி கட்டிவிட்ட சைக்கிளை உருட்டி விடுங்கள். சக்கரங்கள் எப்போதும் போலச் சுழலும், சைக்கிளோ சில அடி தூரத்திலேயே சாய்ந்துவிடும். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அந்தப் பம்பர விளைவை ரத்துசெய்து ஓட்டிப் பார்த்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது. 1970இல் அதை எழுதி வெளியிட்டார்.

வண்டியை நிமிர்த்துவது ஹேண்டிலின் சின்னச் சின்ன அசைவு. வண்டி வலப்பக்கம் சாயத் தொடங்கினால் முன்சக்கரமும் வலப்பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாயும் பாரத்துக்கு அடியில் போய் நின்று அதைத் தாங்கிக்கொள்ளும். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். நேராகப் போகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கிறது.

மழை விட்டதும் தேங்கிய தண்ணீரில் சைக்கிளை மெதுவாக ஓட்டி, பின்னால் காய்ந்த ரோட்டில் விழுந்த தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் ஏறக்குறைய நேராக இருக்கும். முன்சக்கரத் தடம் அதை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டே போகும். அந்த நெளிவுதான் பேலன்ஸ். அதைத் தடுக்கும் எதுவும், இறுக்கமான பேரிங்கானாலும் விறைத்த கேபிளானாலும், பேலன்ஸைக் கெடுக்கும்.

திரும்பச் சொல்லித் தருவது யார்?

பாதித் திருத்தத்தை நம் கைகள் செய்கின்றன, மீதியை வண்டியே செய்துகொள்கிறது. சைக்கிளின் சீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் தொடாமல் இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். நகராமல் நிற்கும் வண்டியிலேயே இது நடக்கும்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் அடியில் இருக்கும் சிறு சக்கரத்தைக் கவனியுங்கள். அது திரும்புகிற ஆணி ஒரு இடத்திலும், சக்கரம் தரையைத் தொடுகிற இடம் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் இருக்கும். அதனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் ஆணிக்குப் பின்னால் வந்து நேராக நின்றுகொள்ளும். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் இதே ஏற்பாடுதான், ஆணி செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

ஹேண்டிலுக்குக் கீழே, முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் நுழைந்து திரும்புகிற குழாய்தான் தலைக்குழாய். அதன் நடுவே போகும் கற்பனைக் கோட்டுக்குத் திருப்பு அச்சு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் முட்டும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்குத்தான் டிரெயில் என்று பெயர். சாதாரண சைக்கிளில் அது சுமார் 50 முதல் 65 மி.மீ. வரை, ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 80 முதல் 110 மி.மீ. வரை இருக்கும். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஹேண்டிலை நேராக வைத்து, நீளமான கம்பு ஒன்றைத் தலைக்குழாய்க்கு இணையாக, அதன் நடுவோடு சேர்ந்து வரும்படி பிடித்துத் தரையில் சாக்பீஸ் குறி வையுங்கள். முன்சக்கர ஆக்சிலில் இருந்து தூக்குநூல் விட்டு இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையில் டேப் வைத்தால் போதும்.

டிரெயில் குறைவாக இருந்தால் ஹேண்டில் லேசாக, துடிப்பாக இருக்கும். கூடினால் வேகத்தில் நிதானம் கிடைக்கும், மெதுவாகப் போகும்போது கனக்கும்.

சைக்கிள் ஃபோர்க்கின் கால்கள் முன்பக்கம் வளைந்திருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதிர்ச்சி தாங்கத்தான் அந்த வளைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் முதல் வேலை டிரெயிலைக் குறைப்பது. டயரோடு சேர்த்து ஆரம் 340 மி.மீ., தலைக்குழாய் தரையோடு 72 டிகிரி, முன்வளைவு 45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் டிரெயில் 63 மி.மீ. வரும். அதே ஃபோர்க்கை முன்பின் மாற்றி மாட்டினால் 158 மி.மீ. ஆகிவிடும். பெட்டியில் வந்த குழந்தைகள் சைக்கிளை அவசரத்தில் பூட்டும்போது நடக்கும் தவறு இது. சைக்கிள் ஓடத்தான் செய்யும். ஆனால் ஹேண்டில் கனமாகி, திரும்பும்போது பிள்ளையின் கால் முன்சக்கரத்தில் உரசும். பிள்ளைக்குப் பழக வரவில்லை என்று வீட்டில் திட்டு விழும். முன்பிரேக் கட்டைகள் ஃபோர்க்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

டிரெயில் ஒன்றே முழுக்கதை ஆகிவிடாது. பம்பர விளைவும் டிரெயிலும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளை ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டி, 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முன்பாகத்தின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சாயும் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப உதவுகிறது. கடைசியில் எல்லாம் ஒன்றில்தான் வந்து நிற்கிறது: சாய்ந்தால் சாய்ந்த பக்கம் திரும்ப வேண்டும்.

இதுவரை பார்த்தது: வண்டி நிமிர்ந்து நிற்பதற்கு முன்சக்கரம் சாயும் பக்கம் தாராளமாகத் திரும்ப வேண்டும். டிரெயிலும் எடையும் அதற்கு வழி செய்கின்றன. தடையில்லாமல் திரும்பவிடுவது பேரிங்கின் பொறுப்பு.

வலப்பக்கம் திரும்ப இடப்பக்கம்

வேகத்தில் வலப்பக்கம் திரும்புகிற ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் முதலில் ஹேண்டிலை ஒரு நொடி இடப்பக்கம் திருப்புகிறார்கள். சக்கரம் இடப்பக்கம் விலகும், வண்டி வலப்பக்கம் சாயும், அந்தச் சாய்வில் வண்டி வலப்பக்கம் வளையும். ஆளில்லாத நேரான ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் வலது பிடியை மெல்ல முன்னால் அழுத்திப் பார்த்தால் புரியும், வண்டி வலப்பக்கம்தான் போகும். அவசரத்தில் எதிலாவது விலக வேண்டியிருந்தால் இது தெரிந்த கை வேகமாக வேலை செய்யும். ஹேண்டில் இறுகியிருந்தால் இந்த முதல் அசைவே தாமதமாகும்.

கோன் செட்: உள்ளே இருப்பது என்ன?

தலைக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வொரு கப் அடித்து இறக்கப்பட்டிருக்கும். ஃபோர்க்கின் தண்டில் கீழே ஒரு கோன், மேலே மரை போட்ட இன்னொரு கோன். கப்புக்கும் கோனுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள். மேல் கோனுக்கு மேலே ஒரு வாஷர், அதை இறுக்கிப் பூட்ட லாக் நட். இந்த மொத்தத் தொகுதிதான் கோன் செட். சைக்கிளில் குண்டு பெரும்பாலும் 5/32 அங்குலம். ஸ்கூட்டரில் மாடலுக்கு மாடல் மாறும்.

இதில் இரண்டு விதமான கெடுதல் வரும். ஒன்று ஆட்டம்: கப்புக்கும் கோனுக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஃபோர்க் முன்னும் பின்னும் தட்டுவது. மற்றது பிடிப்பு: குண்டுகள் உருளாமல் ஹேண்டில் தடைபடுவது. ஆட்டம் சத்தம் போடுவதால் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பிடிப்பு சத்தமில்லாமல் இருக்கும், அதனால்தான் அதைக் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

பிடிப்பிலேயே மோசமானது நடுப்பள்ளம். சக்கரத்தின் பேரிங்கில் குண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும், கிரீஸும் பரவிக்கொண்டே இருக்கும். ஹேண்டிலில் அப்படியில்லை. ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஹேண்டில் நேராகத்தான் நிற்கிறது, ஓரிரு டிகிரிக்கு மேல் அசைவதில்லை. அதனால் ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ரோட்டுக் குழியின் ஒவ்வொரு அடியையும் அதே இடத்தில் இறக்குகிறது. நடுவில் இருந்த கிரீஸ் பிதுங்கி விலகுகிறது, திரும்பி வருவதில்லை. இரும்பும் இரும்பும் உரசிச் செம்பழுப்புத் தூள் கிளம்புகிறது. கப்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் குண்டுக்கு ஒன்றாக, ஒரே இடைவெளியில், மணி கோத்தது போலக் குழிகள் தெரியும். ஹேண்டில் நேராக வந்ததும் குண்டுகள் அந்தக் குழிகளில் விழுந்துகொள்ளும். ஓட்டுகிறவருக்கு நடுவில் லேசாக ‘டக்’ என்று மாட்டிக்கொள்வது போலிருக்கும். நேராகப் போகும்போதுதான் பேலன்ஸுக்கு நுண்ணிய திருத்தம் தேவை, சரியாக அந்த இடத்தில்தான் அது முடியாமல் போகிறது.

இங்கேதான் “டைட் வைப்பது” முழுக்கத் தவறாகிறது. குழி விழுந்த கப்பை இறுக்கினால் ஆட்டம் மறையும், குண்டு குழிக்குள் இன்னும் ஆழமாக அழுந்தும். குழியை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே கிடைக்கும், ஆண்டில் பல மாதம் முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே கீழ்க் கப்பில் போய் விழும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் உப்புக் காற்று. மணவாளக்குறிச்சி வட்டாரக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். அது கிரீஸில் கலந்துவிட்டால் கோன் செட்டுக்குள் அரைக்கும் பசைதான் இருக்கும்.

கழற்றுவதற்கு முன் சோதனை

ஸ்கூட்டரை மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின்னால் ஒருவர் அழுத்திக்கொள்ள, முன்சக்கரம் தரையைவிட்டு எழட்டும். சைக்கிள் என்றால் பாரைப் பிடித்துத் தூக்கினால் போதும். ஹேண்டிலை ஒற்றை விரலால் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்புங்கள். வழியெல்லாம் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் தங்கினால் நடுப்பள்ளம். கரகரத்தால் மண் அல்லது துரு. நடுவில் இருந்து லேசாகத் தட்டிவிட்டால் தன் எடையிலேயே ஒரு பக்கம் விழ வேண்டும். விழவில்லையென்றால் இறுக்கம் கூடுதல். ஆனால் கோன் செட்டைக் குறை சொல்வதற்கு முன் பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒயரிங் எதுவும் எங்கும் இழுக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டையான கேபிள் ஒன்று இதே அறிகுறியைக் காட்டும்.

அடுத்து ஆட்டம். சக்கரத்தைத் தரையில் வைத்து, முன்பிரேக்கைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொருவர் கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் விரல் வைத்திருக்கட்டும். அங்கே தட்டினால்தான் கோன் செட் ஆட்டம். சத்தம் மட்டும் கேட்டு விரலில் தட்டவில்லையென்றால் பிரேக் கட்டை, ஷாக் அப்சர்பர் புஷ், சக்கர பேரிங் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு விரல் சோதனையைச் செய்யாமல்தான் நல்ல கோன் செட்டுகள் பல இறுக்கிக் கெடுக்கப்படுகின்றன.

சைக்கிளில் கோன் செட் மாற்றுவது

ஹேண்டில் தண்டின் மேல் போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும், ஹேண்டில் கழன்று வரும். லாக் நட், வாஷர், மேல் கோன் என்று வரிசையாக எடுத்து, ஃபோர்க்கைக் கையில் தாங்கிக்கொண்டு மெல்ல இறக்குங்கள். கீழே துணி விரித்திருந்தால் குண்டு உருண்டோடாது. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எண்ணி வையுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த கப்பில் பேனா முனையை ஓட்டிப் பாருங்கள். எங்காவது முனை தட்டினால் செட்டையே மாற்ற வேண்டும். குண்டு மட்டும் புதிது போட்டுப் பழைய கப்பில் ஓட்டினால் பழைய குழிகள் அப்படியே இருக்கும். கூண்டு வைத்த குண்டை எடுத்துவிட்டு உதிரிக் குண்டு போடுவது ஒரு பழைய உபாயம். எண்ணிக்கை கூடுவதால் குண்டுகள் குழியை விட்டு மாறி உட்காரும், கொஞ்ச காலம் ஓடும். புது செட் வாங்கும்வரை அது போதும்.

புதுக் கப்பைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் கோணலாக இறங்கும். கோணலான கப்பில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் ஆட்டமாகவும் இருக்கும், எப்படி டியூன் பண்ணினாலும் சரிவராது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரை போட்ட நீளக் கம்பி ஒன்று, கப்பை மூடும் அகலமுள்ள கனமான வாஷர் இரண்டு, நட் இரண்டு போதும். கம்பியைத் தலைக்குழாய் வழியே விட்டு, இரு பக்கமும் வாஷர் வைத்து நட்டை மெல்ல முறுக்கினால் கப்புகள் நேராக இறங்கும்.

கப் நிறையக் கிரீஸ் வைத்து அதில் குண்டுகளைப் பதியுங்கள். வட்டம் முழுக்க நெருக்கி அடைக்கக்கூடாது. ஒரு குண்டு போகுமளவு இடம் விட்டால்தான் ஒன்றையொன்று உரசாமல் உருளும். கூண்டு வைத்த குண்டு என்றால் மாட்டியதும் கையால் சுற்றிப் பாருங்கள். கூண்டின் தகடு உரசினால் கவிழ்த்து மாட்ட வேண்டும். கடலோரத்தில் ஓடும் சைக்கிளுக்குத் தண்ணீர் கழுவிப் போகாத கிரீஸ் நல்லது.

டியூனிங்தான் உயிர். மேல் கோனைக் கொஞ்சம் அழுத்தமாக இறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் பலமுறை திருப்புங்கள். குண்டுகள் அதனதன் இடத்தில் உட்காரும். பிறகு எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்றுவரை தளர்த்துங்கள். கோன் சுற்றாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட் இறுகும்போது கோனையும் கொஞ்சம் கீழே அழுத்தும், அதனால் சோதனை அதற்குப் பிறகுதான். ஆட்டமும் இருக்கக்கூடாது, ஒற்றை விரலுக்குத் தடையும் இருக்கக்கூடாது. இரண்டாவது மூன்றாவது முறையில்தான் அமையும், பொறுமையாகச் செய்யுங்கள். உளி வைத்து நட்டைத் தட்டி இறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே இறுக்கத்தின் அளவு கைக்குத் தெரியாது.

ஹேண்டில் தண்டை மறுபடி இறக்கும்போது அதில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லாத தண்டானால் குறைந்தது 65 மி.மீ. உள்ளே இருக்கட்டும். தண்டில் கிரீஸ் தடவாமல் விட்டால் உப்புக் காற்றில் உள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கியர் சைக்கிள்களில் மரை இல்லாத தண்டு வரும். அதில் மேல்மூடி போல்ட், ஆட்டத்தைச் சரிசெய்ய மட்டுமே. ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு போல்ட்டுகள். முதலில் பக்கவாட்டைத் தளர்த்தி, மேல்மூடியால் ஆட்டத்தை எடுத்து, பிறகு பக்கவாட்டை இறுக்க வேண்டும். பக்கவாட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியை முறுக்கினால் ஒன்றும் நடக்காது, மரைதான் போகும்.

ஸ்கூட்டரில்

அடிப்படை அதேதான். ஆனால் ஹேண்டில் கவர், முன்பேனல், ஒயரிங், பிரேக் எல்லாம் கழற்ற வேண்டியிருப்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அவரிடம் மூன்று கேளுங்கள்: மேல், கீழ் இரண்டு செட்டும் முழுதாக மாற்றுகிறாரா, கீழ்க் கப்பில் கிரீஸ் நிறைய வைக்கிறாரா, பேனல் மூடுவதற்கு முன் விரல் சோதனையைக் காட்டுவாரா. புது கோன் செட் முதல் 500 கி.மீ.க்குள் கொஞ்சம் அமுங்கும். அப்போது ஒருமுறை மறுபடி டியூன் பண்ண வேண்டும். அது வேலைக் குறை இல்லை.

குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டேப்பர் ரோலர் என்பது ஒரு பக்கம் சிறுத்த உருளைகளைக் கொண்ட பேரிங். குண்டு புள்ளியளவு இடத்தில் பாரத்தை இறக்கும், உருளை தன் நீளம் முழுக்கப் பரப்பும். அதனால் நடுப்பள்ளம் விழத் தாமதமாகும். மீன் பெட்டி, ரப்பர் ஷீட், வாழைத்தார் ஏற்றி ஓடும் வண்டிக்கு இது நல்ல மாற்றம். அந்த மாடலுக்கென்றே வரும் செட்டாக இருக்க வேண்டும். உயரம் சில மில்லிமீட்டர் மாறினால் லாக் நட்டுக்கு மரை போதாது. குண்டு போல நினைத்து இறுக்கினால் ஹேண்டில் கல் மாதிரி ஆகிவிடும்.

வாபிளிங் வந்தால்

சில வேகங்களில் ஹேண்டில் படபடவென்று இரு பக்கமும் அடித்துக்கொள்வதை வாபிளிங் என்கிறோம். கோன் செட் ஆட்டம் ஒரு காரணம்தான். முன்டயர் ஒரே சீராகத் தேயாமல் இருப்பது, ரிம் கோணல், சக்கர பேரிங், காற்று குறைவு, பின்னால் பாரம் கூடி முன்பக்கம் லேசாவது எல்லாம் சேரும். செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். பல ஸ்கூட்டர்களில் முன்டயருக்கு 22 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து வையுங்கள். ஓடும்போது வாபிளிங் வந்தால் ஹேண்டிலை இறுகப் பற்றாதீர்கள், முன்பிரேக்கையும் திடீரென்று பிடிக்காதீர்கள். கையை இலகுவாக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள்.

ஹேண்டில் நுனியில் எடைக்கட்டி போடுவது கைக்கு வரும் அதிர்வைக் குறைக்கும், கோன் செட் கோளாறை மறைக்கும், தீர்க்காது. ஹேண்டிலில் பை மாட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தேங்காய்ப் பையோ மட்டிப்பழச் சீப்போ, ஹேண்டிலோடு சேர்ந்து திரும்ப வேண்டிய எடை ஆகிவிடுகிறது. தொங்கி ஆடும்போது ஹேண்டிலைத் தானே இழுக்கிறது. மணக்குடிப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது இது போதும் வண்டி விலகிப் போக. ஃபுட்போர்டிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்தால் அதே எடை ஒன்றும் செய்யாது.

வாட்டர் சர்வீஸ் விடும்போது அழுத்தத் தண்ணீரை ஃபோர்க்கும் தலைக்குழாயும் சேரும் இடத்தில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். மழைக்காலத்தில் ரோடு தெளிக்கும் தண்ணீரைவிட அது ஆழமாக உள்ளே போகும், கிரீஸைத் தள்ளிவிட்டு அங்கேயே தங்கும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, கீழ்க் கப்பும் கோனும் சேரும் இடத்தை மூடி மாட்டிவைத்தால் மண்ணும் தண்ணீரும் பெருமளவு நிற்கும். கோன் செட்டைக் கழற்றும்போதே அதை ஃபோர்க் தண்டில் ஏற்றிவிட வேண்டும், பிறகு மாட்ட வழியில்லை.